கப்பலும் தக்காளியும்

"உலக வாணிபத்தில் எடைக் கணக்கில் எண்பது சதவீதத்துக்கும் மேல் கப்பல் வழியாகத்தான் நடக்கிறது." இந்த ஒரு வாக்கியத்தை இந்த ஆறு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். ஓய்வூதியர் கூட்டத்துக்கு வந்து டீ, பிஸ்கட் கொடுத்த ஓர் இளைஞர், வாட்ஸப்பில் ஒரு பழைய அலுவலக நண்பர், மூன்றாவதாக என் மைத்துனர் மகன். மூன்று பேருமே அடுத்துச் சொன்னது ஒன்றுதான்: "ஆகவே கப்பல் கம்பெனிப் பங்கில் போடுங்கள். உலகம் இருக்கிற வரை கப்பல் ஓடும்."

முதல் வாக்கியம் உண்மை. ஐக்கிய நாடுகளின் வர்த்தக அமைப்பே சொல்கிற கணக்கு. கப்பல் ஓடும் என்பதும் உண்மை. நடுவில் இருக்கிற அந்த "ஆகவே"யோடுதான் எனக்குச் சண்டை. முப்பத்து நான்கு வருடம் கோப்பு பார்த்தவன் நான். முதல் பக்கம் சுத்தமாக இருக்கிற கோப்பைத்தான் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்க்க வேண்டும் என்று என் சூப்பரின்டெண்டென்ட் சொல்வார்.

எல்லோருக்கும் சோறு வேண்டும். உலகம் இருக்கிற வரை சோறு வேண்டும். அதனால் நெல் போடுகிறவர் கோடீஸ்வரர் ஆகிவிட்டாரா? பாகூர் பக்கம் போய் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு பொருள் உலகத்துக்கு அவசியம் என்பதும், அதில் பணம் போட்டவனுக்கு லாபம் என்பதும் வேறு வேறு.

நெல்லுக்காவது ஆதரவு விலை இருக்கிறது. கப்பலுக்குச் சரியான உதாரணம் தக்காளி. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியது ஞாபகம் இருக்கும். அந்த விலையைப் பார்த்து எல்லோரும் தக்காளி நட்டார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் காய்த்தது. செப்டம்பரில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டில் கொட்டினார்கள். கப்பல் தொழிலில் நடப்பது அச்சு அசல் இதுதான். வித்தியாசம் இரண்டு. தக்காளி இரண்டு மூன்று மாதத்தில் காய்க்கும், கப்பல் கட்டி முடிய இரண்டு மூன்று வருடம் ஆகும். தக்காளி நாலு நாளில் அழுகித் தொலைந்துவிடும், அதோடு அந்தக் கஷ்டம் தீர்ந்தது. கப்பல் அழுகாது. இருபது, இருபத்தைந்து வருடம் கடலில் மிதந்துகொண்டே, மற்றக் கப்பலின் வாடகையையும் சேர்த்துக் கீழே இழுக்கும்.

இதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நிலக்கரி, இரும்புத் தாது, தானியம் இவற்றை அப்படியே கொட்டி ஏற்றிப் போகிற கப்பல்களின் வாடகையை லண்டனில் பால்டிக் எக்ஸ்சேஞ்ச் ஓர் எண்ணாகத் தினமும் வெளியிடுகிறது. பெயர் பால்டிக் ட்ரை இண்டெக்ஸ். 2008 மே 20-ல் அது 11,793. அதே வருடம் டிசம்பர் 5-ல் 663. ஏழு மாதம்கூட ஆகவில்லை. கேப்சைஸ் என்கிற பெரிய கப்பலுக்கு அந்த ஜூன் மாதம் ஒரு நாள் வாடகை 2,30,000 டாலரைத் தாண்டியது. டிசம்பரில் அதே கப்பலுக்கு 2,500 டாலருக்கும் கீழே. மாலுமி சம்பளத்துக்கும் பராமரிப்புக்குமே அது போதாது.

அந்த உச்சத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. கட்டச் சொன்னால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்பதால், இன்றைக்கே ஓடத் தயாராக இருந்த பழைய கப்பலுக்குப் புதுக் கப்பலைவிட அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். நம் ஊரில் ஐந்து வருடம் ஓட்டிய அம்பாசடர் காரை ஷோரூம் விலைக்கு மேல் கொடுத்து வாங்கிய காலம் உண்டே, அது மாதிரி. விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று பாருங்கள். விற்றவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாகக் கப்பலிலேயே இருக்கிற குடும்பத்தினர். வாங்கிய பணம் பெரும்பாலும் வங்கியிலிருந்தும், பங்குச் சந்தையிலிருந்தும், நம்மைப் போன்றவர்களிடமிருந்தும் வந்த பணம்.

இங்கேதான் என் முக்கியமான குற்றச்சாட்டு இருக்கிறது. வெளியாள் பணம் கப்பல் தொழிலுக்குள் வருவது வாடகை உச்சத்தில் இருக்கும்போது மட்டும்தான். வாடகை பாதாளத்தில் கிடக்கும்போது எந்த இளைஞரும் பிஸ்கட் வாங்கிக்கொண்டு ஓய்வூதியர் கூட்டத்துக்கு வர மாட்டார். உச்சத்தில் வருகிற அந்தப் பணம் சும்மா இருக்காது. கொரியாவிலும் சீனாவிலும் புதுக் கப்பலுக்கு ஆர்டராகப் போகும். அந்தக் கப்பல்கள் எல்லாம் கும்பலாகக் கடலில் இறங்கும்போது வாடகை விழும். அதாவது நம்மை ஒழிக்கிற கப்பலை நம் பணத்தில்தான் கட்டுகிறார்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் ஜெர்மனியைப் பாருங்கள். இந்தக் கதையை எனக்குச் சொன்னது பாரிஸில் இருக்கிற ஒரு பள்ளித் தோழர். பிறகு நானே பிரெஞ்சுப் பத்திரிகைகளைத் தேடிப் படித்தேன்.

அங்கே கே.கே. என்று சொல்கிற ஒரு வகைக் கூட்டு நிறுவனம் உண்டு. ஒரு கப்பலுக்கு ஒரு நிறுவனம். பல் டாக்டர், வக்கீல், ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று நூற்றுக்கணக்கான பேர் ஆளுக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் யூரோ போடுவார்கள். மீதியை வங்கி கடன் கொடுக்கும். 1999-லிருந்து அங்கே கப்பல் வருமானத்துக்கு வரி லாபத்தைப் பார்த்துப் போடுவதில்லை, கப்பலின் கொள்ளளவைப் பார்த்துப் போடுவது. கிட்டத்தட்ட வரியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "வரி மிச்சம்" என்ற சொல்லுக்கு இருக்கிற வசியம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். மார்ச் மாதத்தில் நம் அலுவலகங்களில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைச் சுற்றி நிற்கிற கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேனே. உலகத்தின் கன்டெய்னர் கப்பல்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஜெர்மன் முதலாளிகள் கையில் வந்து சேர்ந்தது இப்படித்தான். பெயருக்குத்தான் முதலாளி, பணம் பல் டாக்டருடையது.

2008-க்குப் பிறகு வாடகை விழுந்தது, எழவில்லை. நூற்றுக்கணக்கான கப்பல் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் திவாலாயின. 2016-ல் பனாமா கால்வாயை அகலப்படுத்தித் திறந்துவிட்டார்கள். பழைய கால்வாயின் அளவுக்கென்று கட்டிய நடுத்தரக் கப்பல்கள் அதற்குப் பிறகு யாருக்கும் வேண்டாதவை ஆயின. பத்து வயதுகூட ஆகாத சில கப்பல்களை உடைக்க அனுப்பினார்கள். கப்பலுக்குப் பத்து வயது என்றால் நடுவயதுகூட இல்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. முதல் சில வருடம் பணம் போட்டவர்களுக்கு ஒழுங்காகத் தொகை வந்துகொண்டிருந்தது. அதை அவர்கள் லாபம் என்று நினைத்துச் செலவழித்தார்கள். கணக்கில் அதில் ஒரு பகுதி லாபமே இல்லை, அவர்கள் போட்ட முதலையே திருப்பிக் கொடுத்தது. நிறுவனம் திவாலானதும், திவாலை நிர்வகிக்க நியமிக்கப்பட்டவர் கடிதம் போட்டார்: அந்தத் தொகையைத் திரும்பக் கட்டுங்கள் என்று. அந்த நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. எழுபத்தைந்து வயதில், போட்ட பணமும் போய், பத்து வருடத்துக்கு முன் வாங்கிச் செலவழித்த பணத்தையும் கேட்டு ஒரு பதிவுத் தபால் வந்தால் எப்படி இருக்கும்?

கடன் கொடுத்த வங்கி என்ன ஆயிற்று என்றும் கேட்பீர்கள். உலகத்திலேயே அதிகமாகக் கப்பலுக்குக் கடன் கொடுத்தது ஹெச்.எஸ்.ஹெச். நோர்ட்பாங்க். ஹாம்பர்க், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்ற இரண்டு மாநில அரசுகளின் வங்கி. 2009-ல் அந்த இரண்டு அரசுகளும் 300 கோடி யூரோ முதலும், 1,000 கோடி யூரோ உத்தரவாதமும் கொடுத்து அதைத் தூக்கி நிறுத்தின. கடைசியில் 2018-ல் தனியாரிடம் விற்றுவிட்டார்கள். கப்பலில் ஒரு பைசா போடாத ஹாம்பர்க் காய்கறிக்காரரும் வரியாக அதற்குக் கட்டினார்.

ஒரு சின்ன விலகல். பிரெஞ்சில் கப்பல் பங்குக்கு "கிரா" என்று ஒரு சொல் உண்டு. அரபுச் சொல்லிலிருந்து வந்தது. தங்கத்துக்குச் சொல்கிற காரட்டும் அதே வேர்தான். மத்தியதரைக் கடலில் ஒரு கப்பலை இருபத்து நாலு பங்காகப் பிரிப்பது பழைய வழக்கம். ஒரு கப்பலில் பங்குக்காரர் இருபது பேர் என்றால் இருபது பேருக்கும் கப்பல் தெரியும், கேப்டனைத் தெரியும், அவர் மாமனாரைத் தெரியும். 1996-ல் பிரான்சு அரசு இந்தப் பழைய சொல்லையே எடுத்து, கப்பல் பங்கு வாங்கினால் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு சட்டம் போட்டது. அடுத்து வந்த அரசு சீக்கிரமே அதை நிறுத்திவிட்டது. நல்ல காலம். இல்லாவிட்டால் பாரிஸ் பல் டாக்டர்களும் ஹாம்பர்க் பல் டாக்டர்களோடு வரிசையில் நின்றிருப்பார்கள்.

"அதெல்லாம் பழைய கதை அங்கிள், 2021-ஐப் பாருங்கள்" என்றான் மைத்துனர் மகன். பார்த்தேன். கொரோனாவுக்குப் பிறகு துறைமுகங்களில் நெரிசல், கன்டெய்னர் கிடைக்கவில்லை. ஷாங்காயிலிருந்து போகிற கன்டெய்னர்களின் கட்டணக் குறியீடு 2022 ஜனவரியில் 5,000-ஐத் தாண்டியது. 2023 பிப்ரவரியில் 1,000-க்கும் கீழே வந்துவிட்டது. டென்மார்க்கின் மேர்ஸ்க் நிறுவனத்துக்கு 2022-ல் கிட்டத்தட்ட 2,900 கோடி டாலர் லாபம், அடுத்த வருடம் 400 கோடிக்கும் கீழே. இஸ்ரேலின் ஜிம் நிறுவனம் 2021 ஜனவரியில் நியூயார்க் சந்தைக்கு வந்தபோது பங்கு 15 டாலர். 2022 மார்ச்சில் 90 டாலரைத் தொட்டது. 2023 நவம்பரில் 7 டாலருக்கும் கீழே இருந்தது.

நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். 15 டாலரில் வாங்கினவர் நன்றாகவே சம்பாதித்தார். ஒரே தவணையில் பங்குக்கு 17 டாலர் டிவிடெண்ட் கொடுத்தார்கள், போட்ட முதலுக்கு மேலே. ஆனால் 15 டாலரில் வாங்கச் சொல்லி உங்களுக்கு யாராவது வாட்ஸப் அனுப்பினார்களா? அந்த 17 டாலர் செய்தி வந்த பிறகுதானே அனுப்பினார்கள்? அப்போது விலை 80, 90. பிறகு செங்கடலில் தாக்குதல் தொடங்கி, சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பல்கள் போனபோது கட்டணம் மறுபடி ஏறியது. ஏமன் மலையில் இருக்கிறவர் ஏவுகணை விடுவாரா, நிறுத்துவாரா என்பதைப் பொறுத்து என் கிராஜுவிட்டி ஏறி இறங்க வேண்டுமா? அதற்குப் பெயர் முதலீடா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் மிகப் பெரிய நிறுவனம் இன்றைக்கு எம்.எஸ்.சி. அது ஒரு குடும்பத்தின் சொத்து. அதன் பங்கு எந்தச் சந்தையிலும் கிடைக்காது. 2020 ஆகஸ்டிலிருந்து, விலை ஏறுவதற்கு முன்பே, பழைய கப்பல்களை வாங்கத் தொடங்கி வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 2022-ல் மேர்ஸ்க்கைத் தாண்டி முதலிடத்துக்கு வந்துவிட்டார்கள். மார்செய்யில் இருக்கிற சி.எம்.ஏ. சி.ஜி.எம். நிறுவனத்திலும் பெரும்பங்கு சாதே குடும்பத்துடையது. தொழில் தெரிந்தவர்கள் நல்ல கப்பலைத் தங்களிடமே வைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் நம்மிடம் விற்க வருவது எது?

அமெரிக்கச் சந்தையில் கிடைக்கிற பல சிறிய கப்பல் நிறுவனங்களின் ஆண்டறிக்கையை எடுத்துப் படியுங்கள். நான் படித்தேன், எனக்கு வேறு வேலை இல்லை. நிறுவனம் மார்ஷல் தீவுகளில் பதிவு. கப்பலின் கொடி லைபீரியா. அலுவலகம் ஏதென்ஸ். கப்பலை நிர்வகிப்பது நிறுவனர் குடும்பத்தின் சொந்தத் தனி நிறுவனம். அதற்குக் கப்பல் ஒன்றுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம். வாடகை வந்தால் அதில் கமிஷன். கப்பல் வாங்கினால் கமிஷன், விற்றால் கமிஷன். பங்குக்காரருக்கு நஷ்டமான வருடத்திலும் இந்தக் கட்டணம் நிற்காது. எல்லாம் சட்டப்படிதான், அறிக்கையிலேயே அச்சடித்து இருக்கிறது. யாரும் படிப்பதில்லை.

ட்ரைஷிப்ஸ் என்ற கிரேக்க நிறுவனத்தின் கதை பிரசித்தம். 2005-ல் சந்தைக்கு வந்தது. 2007-ல் பங்கு 100 டாலரைத் தாண்டியது. பிறகு விழுந்து, பைசாவுக்கு வரும்போதெல்லாம் பல பங்குகளைச் சேர்த்து ஒரு பங்காக மாற்றி, மறுபடி புதுப் பங்கு விற்றார்கள். 2016, 2017 இரண்டு வருடத்தில் மட்டும் இதைப் பல முறை செய்தார்கள். நூறு பங்கு வைத்திருந்தவர் கையில் ஒரு பங்கின் துண்டுகூட மிஞ்சவில்லை. 2019-ல் நிறுவனரே பங்குக்கு 5.25 டாலர் கொடுத்து மிச்சத்தை வாங்கிச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்பவர்களுக்கு ஹன்ஜின். தென்கொரியாவின் மிகப் பெரிய கன்டெய்னர் நிறுவனம். 2016 ஆகஸ்ட் கடைசியில் நீதிமன்றத்துக்குப் போனது. கட்டணம் யார் கொடுப்பது என்று தெரியாததால் துறைமுகங்கள் அதன் கப்பல்களை உள்ளே விடவில்லை. சரக்கோடு கப்பல்கள் கடலில் நின்றன. அடுத்த பிப்ரவரியில் திவால்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தக் கூட்டத்து இளைஞர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்: "கப்பலோட்டிய தமிழன் பிறந்த மண் சார் இது." எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். வ.உ.சி. 1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தொடங்கியபோது பங்கு 25 ரூபாய், நாற்பதாயிரம் பங்கு, பத்து லட்சம் முதல். கொடுத்தவர்கள் வெள்ளைக்காரன் ஏகபோகத்தை உடைக்கக் கொடுத்தார்கள். போனால் போகட்டும் என்று தெரிந்தே கொடுத்தார்கள். எதிரி நிறுவனம் தூத்துக்குடி–கொழும்பு கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது, இவர்கள் எட்டணா ஆக்கினார்கள், கடைசியில் அவன் இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்தான் என்பார்கள். 1908-ல் அவரைச் சிறையில் தள்ளினார்கள், 1911-ல் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். செக்கிழுத்த அந்த மனிதரின் பெயரைச் சொல்லி, மார்ஷல் தீவுகளில் பதிவான நிறுவனத்தின் பங்கை ஒரு ரிட்டயர்டு ஆசாமியிடம் விற்பது என்ன நியாயம்?

கப்பலே யாரும் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் அரசு 2025 பட்ஜெட்டில் 25,000 கோடி ரூபாயில் கடல்சார் வளர்ச்சி நிதி அறிவித்தது. செய்யட்டும். இருபது வருடம் காத்திருக்க அரசால் முடியும், பெரிய குடும்பங்களால் முடியும். எழுபத்து மூன்று வயதில் என்னால் முடியாது. எங்கள் ஊரில் கவலை சற்று அதிகம், ஏனென்றால் சொல்தா குடும்பங்களுக்குப் பிரான்சு பென்ஷன் யூரோவில் வருகிறது. அதைத் தேடி வருகிறவர்கள் இரண்டு மொழியிலும் வருகிறார்கள். மற்றவர்களுக்கும் இப்போது போனிலேயே வழி இருக்கிறது, வருடத்துக்கு 2,50,000 டாலர் வரை ரிசர்வ் வங்கி வெளியே அனுப்ப அனுமதிக்கிறது.

அப்படியும் போடத்தான் போகிறேன் என்பவர்கள், கையெழுத்துப் போடும் முன் விற்க வந்தவரிடம் கேளுங்கள்: இதே வகைக் கப்பல் இப்போது உலகத்தில் எத்தனை ஓடுகிறது, எத்தனை கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவை எந்த வருடம் கடலுக்கு வரும்? கப்பலை நிர்வகிக்கிற நிறுவனம் யாருடையது? நீங்கள் கொடுக்கிற தொகை லாபத்திலிருந்தா, என் முதலிலிருந்தா? பதிலை வாயால் வாங்காதீர்கள், காகிதத்தில் வாங்குங்கள். காகிதம் பிரெஞ்சில் இருந்தால் என்னிடம் கொண்டு வாருங்கள், வரிக்கு வரி தமிழில் சொல்கிறேன். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.